விண்மீன் பிறக்கும் மேகத்தின் காந்தப்புலத்தைத் தூசியிலிருந்து அளப்பது: முழுமையான வழிகாட்டி

ஒரு மேகத்தின் காந்தப்புல வலிமையைக் கணக்கிடும் சூத்திரம் ஒரே வரிதான். கோணச் சிதறல், நிறமாலைக் கோட்டின் அகலம், அடர்த்தி என்ற மூன்று எண்களைப் போட்டால் விடை வந்துவிடும். புதிதாக வருபவர்கள் இடறுவது அங்கே இல்லை. அந்த மூன்று எண்களைத் தயார் செய்யும் வழியில்தான் தடுக்கி விழுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் படிகளை முன்பின்னாகச் செய்வதால். இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பற்றியது. எண்களைக் காட்ட ஒரு கற்பனை மேகத்தை எடுத்துக்கொள்கிறேன். கடைசிவரை அதே மேகம்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தூசியின் தளவிளைவு வரைபடம், அதாவது தூசியிலிருந்து வரும் ஒளி எந்தத் திசையில், எவ்வளவு அதிகமாக அதிர்கிறது என்று காட்டும் படம். இதில் ஸ்டோக்ஸ் ஐ (மொத்த ஒளி), க்யூ, யூ (தளவிளைவின் இரண்டு கூறுகள்) ஆகிய மூன்றும், ஒவ்வொன்றுக்குமான இரைச்சல் வரைபடமும் வேண்டும். வெறும் கோணங்கள் வரைந்த படம் மட்டும் கிடைத்தால் வேலைக்கு ஆகாது. சராசரி எடுப்பது, மென்மையாக்குவது எல்லாமே க்யூ, யூ அளவில்தான் நடக்க வேண்டும்.

இரண்டாவது, அதே பகுதியின் நிறமாலைக் கோட்டுத் தரவு. வாயு எவ்வளவு வேகமாகக் கலங்குகிறது என்பதை அது சொல்லும். மூன்றாவது, தூண் அடர்த்தி வரைபடம், அதாவது நம் பார்வைக் கோட்டில் ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை ஹைட்ரஜன் மூலக்கூறுகள் என்பது. கூடவே மேகத்தின் தூரம்.

எந்தத் தளவிளைவுத் தரவு என்பது கேள்வியைப் பொறுத்தது. பிளாங்க் விண்கலத்தின் 353 கிகாஹெர்ட்ஸ் வரைபடம் வானம் முழுவதையும் தருகிறது, ஆனால் அதன் கற்றை, அதாவது பிரித்துக் காட்டக்கூடிய மிகச்சிறிய அளவு, சுமார் 5 கலைநிமிடம். 140 பார்செக் தொலைவில் உள்ள ரிஷப மேகத்தில் அது 0.2 பார்செக். மேகத்தின் ஒட்டுமொத்தப் புலத்தைப் பார்க்க அது போதும். விண்மீன் பிறக்கும் ஒற்றைக் கருவுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தொலைநோக்கியின் போல்-2 கருவி 850 மைக்ரோமீட்டரில் சுமார் 14 கலைநொடி வரை பிரிக்கும், அதே தொலைவில் 0.01 பார்செக். ஆனால் தரையிலிருந்து பார்க்கும் கருவிகள் வளிமண்டல இரைச்சலை நீக்கும்போது பெரிய அளவிலான மங்கிய ஒளியையும் சேர்த்து நீக்கிவிடும். ஆகவே போல்-2 வரைபடத்தின் ஓரங்களை வைத்து மேகம் முழுவதற்குமான முடிவுக்கு வராதீர்கள்.

2. குறி மரபும் வடக்கும்: முதல் வேலை இதுதான்

தரவைத் திறந்ததும் கோணம் கணக்கிடத்தான் கை துறுதுறுக்கும். பொறுங்கள். முதலில் ஃபிட்ஸ் கோப்பின் (வானியல் தரவு வரும் கோப்பு வடிவம்) தலைப்பகுதியைப் படித்து இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதி வையுங்கள். யூ எந்த மரபில் இருக்கிறது? கோணம் எந்த வடக்கிலிருந்து அளக்கப்படுகிறது?

சர்வதேச வானியல் ஒன்றியத்தின் மரபில் கோணம் வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி வளரும். பிளாங்க் வரைபடங்கள் அண்டவியல் மரபைப் பின்பற்றுகின்றன. அதில் யூவின் குறி நேரெதிர். இதை மறந்தால் 30 பாகை 150 பாகை ஆகிவிடும், படம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும். இந்தப் பிழை சுலபத்தில் கண்ணில் படாது. 0 பாகையும் 90 பாகையும் குறி மாறினாலும் மாறாமல் அப்படியே இருக்கும் என்பதால், புலம் வடக்கு-தெற்காகவோ கிழக்கு-மேற்காகவோ ஓடும் மேகத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

இரண்டாவது, பிளாங்க் தரவு பால்வழி ஆயங்களில் இருக்கிறது. உங்கள் நிறமாலைத் தரவும் போல்-2 தரவும் நிலநடுக்கோட்டு ஆயங்களில் இருக்கும். பிக்ஸல்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தினால் மட்டும் போதாது. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வடக்குகளுக்கும் இடையிலான கோணத்தின் அளவுக்குத் தளவிளைவுக் கோணத்தையும் திருப்ப வேண்டும். நிரலில் பிக்ஸலை நகர்த்தும் கட்டளை இதைத் தானாகச் செய்யாது. அதற்குக் க்யூவும் யூவும் வெறும் இரண்டு படங்கள்.

பிளாங்க் வரைபடம் விசித்திரமான வெப்பநிலை அலகில் இருப்பதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுகிறார்கள். கோணம் யூவுக்கும் க்யூவுக்கும் உள்ள விகிதம்தானே, இரண்டும் ஒரே அலகில் இருந்தால் போதும்.

3. கற்றையைச் சமமாக்குங்கள், அப்புறம் வெட்டுங்கள்

எல்லா வரைபடங்களையும் அவற்றுள் மங்கலான ஒன்றின் பிரிதிறனுக்குக் கொண்டுவாருங்கள். ஐ, க்யூ, யூ ஒவ்வொன்றையும் தனித்தனியாக மென்மையாக்க வேண்டும். தளவிளைவுச் சதவீதத்தையோ கோணத்தையோ நேரடியாக மென்மையாக்கக் கூடாது.

காரணம் இதுதான்: க்யூவும் யூவும் கூட்டல் கழித்தல் இரண்டு குறியும் எடுக்கும், அதனால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். தளவிளைவின் அளவோ க்யூ, யூ இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி எடுத்த வர்க்கமூலம், எப்போதும் நேர்க்குறி. வெறும் இரைச்சல் இருந்தாலும் ஏதோ ஒரு நேர்மதிப்பைக் காட்டும். இந்தச் சாய்வைக் குறைக்க, அளந்த மதிப்பின் வர்க்கத்திலிருந்து அதன் பிழையின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுப்பது எளிய வழி.

இப்போதுதான் வெட்டு. ஐ அதன் இரைச்சலைப்போல் குறைந்தது 10 மடங்கு, தளவிளைவு அதன் பிழையைப்போல் குறைந்தது 3 மடங்கு இருக்கும் பிக்ஸல்களை வைத்துக்கொள்வது வழக்கம். மேகத்தின் விளிம்பில் தளவிளைவு 40, 50 சதவீதம் என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அங்கே ஐ கிட்டத்தட்டச் சுழி. பூச்சியத்தால் வகுத்த சங்கதிதான் அது.

4. கோணம் எடுத்தல்

கோணம் என்பது யூ, க்யூ இரண்டின் நேர்மாறு டேன்ஜென்ட்டில் பாதி. இங்கே இரண்டு உள்ளீடு வாங்கும் நேர்மாறு டேன்ஜென்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒற்றை உள்ளீடு வாங்குவதைப் போட்டால் கோணங்கள் எல்லாம் கழித்தல் 45-க்கும் கூட்டல் 45-க்கும் இடையிலேயே அடைபட்டுவிடும். கோணங்களின் பரவல் வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள்: இரண்டு பக்கமும் 45-இல் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் இந்தத் தவறுதான். அண்டவியல் மரபுத் தரவானால் யூவின் குறியை மாற்றிவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது 90 பாகை. நீண்ட தூசித் துகள்கள் தங்கள் குறுகிய அச்சு காந்தப்புலத்தோடு இணையும்படி நின்று சுழல்கின்றன. அவை உமிழும் ஒளி நீண்ட அச்சின் திசையில் அதிகம் அதிர்வதால், உமிழ்வின் தளவிளைவு புலத்துக்குச் செங்குத்து. ஆகவே 90 பாகை கூட்டினால் புலத்தின் திசை. பின்னணி விண்மீன்களின் ஒளி தூசி வழியே வரும்போது கதை வேறு: நீண்ட அச்சின் திசையில் அதிகம் உறிஞ்சப்படுவதால் எஞ்சி வரும் ஒளி புலத்துக்கு இணையாகவே இருக்கும். அதைத் திருப்பக் கூடாது. இரண்டு வகைத் தரவையும் ஒரே படத்தில் போடும்போது இரண்டையுமே திருப்பிவிட்டு, "மேகத்துக்குள் புலம் செங்குத்தாகத் திரும்புகிறது" என்று கண்டுபிடிப்பு அறிவித்தவர்கள் உண்டு. நானும் ஒரு பிற்பகல் முழுக்க அந்த மகிழ்ச்சியில் இருந்திருக்கிறேன்.

சராசரியிலும் ஒரு பொறி இருக்கிறது. தளவிளைவுக்கு அம்புமுனை கிடையாது. 0 பாகையும் 180 பாகையும் ஒன்றே. பக்கத்துப் பக்கத்துப் பிக்ஸல்களில் 2 பாகை, 178 பாகை என்று இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே திசை. சாதாரணச் சராசரி போட்டால் 90 வரும், சரியான திசைக்கு நேர் செங்குத்து! கோணத்தை இரட்டித்து அதன் கொசைன், சைன்களின் சராசரியை எடுத்துத் திரும்பப் பாதியாக்குங்கள். 4, 356 என்றாகி, சைன்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை 0 என்று வரும்.

5. கோணச் சிதறல்: நேரம் செலவிட வேண்டிய இடம்

இந்த முறையின் அடிப்படை எளியது. வலுவான புலம் இறுக்கிக் கட்டிய தந்தி போன்றது, வாயுவின் கலக்கம் அதை அதிகம் வளைக்க முடியாது. தளர்ந்த தந்தி கண்டபடி ஆடும். ஆகவே கோணங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதே வலிமையின் அளவுகோல். சிதறல் பகுதியில் நிற்பதால், அது இரண்டு மடங்கானால் வலிமை பாதியாகிவிடும்.

ஆனால் நீங்கள் அளக்கும் சிதறலில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன: கலக்கம் உண்டாக்கிய ஆட்டம், புலத்தின் இயல்பான பெரிய வளைவு, கருவியின் பிழை. முதல் ஒன்று மட்டுமே வேண்டும்.

நம் கற்பனை மேகத்தில் எல்லாப் பிக்ஸல்களின் திட்ட விலக்கம் 21 பாகை என்று வைப்போம். ஒவ்வொரு கோணத்தையும் சராசரித் திசையிலிருந்து கழித்து, வித்தியாசத்தைக் கழித்தல் 90-க்கும் கூட்டல் 90-க்கும் இடையில் கொண்டுவந்த பிறகு எடுத்த விலக்கம் இது. அப்படிக் கொண்டுவராமல் எடுத்தால் ஒரு சில பிக்ஸல்களே எண்ணை ஊதிப் பெருக்கிவிடும்.

இனி வளைவை நீக்க வேண்டும். மணற்கடிகாரம்போல் நடுவில் இறுகும் புலம் கலக்கமே இல்லாமலும் பல பாகை வளையும். எளிய வழி: க்யூ, யூவை ஒரு சிறு சாளரத்தில், சொல்லப்போனால் 3-க்கு 3 பிக்ஸலில், சராசரி செய்து அங்குள்ள பொதுத் திசையைக் காண்பது, பிறகு ஒவ்வொரு பிக்ஸலின் கோணத்திலிருந்தும் அதைக் கழிப்பது. நம் மேகத்தில் 21 பாகை இதனால் 14 ஆகக் குறைகிறது. சாளரத்தை மிகச் சிறிதாக வைத்தால் கலக்கத்தையும் சேர்த்து நீக்கிவிடுவீர்கள், மிகப் பெரிதாக வைத்தால் வளைவு மிஞ்சும். மூன்று நான்கு அளவுகளில் செய்து, எண் எங்கே நிலைக்கிறது என்று பாருங்கள். ஒரு பிக்ஸல் கற்றையை விடச் சிறியதாக இருந்தால் பக்கத்துப் பிக்ஸல்கள் ஒரே தகவலைத்தான் சொல்கின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும். சாளரத்துக்குப் பதிலாக, இரு புள்ளிகளின் கோண வித்தியாசம் தூரத்தோடு எப்படி வளர்கிறது என்று பார்க்கும் அமைப்புச் சார்பு முறையும் உண்டு. பிக்ஸல்கள் நிறைய இருந்தால் அது மேல்.

கடைசியாகக் கருவியின் பிழை. ஒரு பிக்ஸலின் கோணப் பிழை 28.65 பாகையை, தளவிளைவுக்கும் அதன் பிழைக்கும் உள்ள விகிதத்தால் வகுத்தால் கிடைக்கும். விகிதம் 3 என்றால் 9.5 பாகை, 4 என்றால் சுமார் 7. நம் மேகத்தில் 7 என்போம். 14-இன் வர்க்கத்திலிருந்து 7-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 12 பாகை.

வரிசை முக்கியம்: முதலில் வளைவு, பிறகு பிழை. இந்த மூன்று எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 21-ஐ அப்படியே போடுவதற்கும் 12-ஐப் போடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று 8-ஆம் படியில் தெரியும்.

ஒரு எல்லைக்கோடும் உண்டு. திசையே இல்லாமல் சீரற்றுக் கிடக்கும் கோணங்களின் திட்ட விலக்கம் 52 பாகை. இதை நெருங்கினால் அளக்க அங்கே ஒழுங்கான புலமே தெரியவில்லை என்று அர்த்தம். கணினி உருவகங்களைக் கொண்டு சோதித்ததில் 25 பாகைக்குக் கீழேதான் இந்த முறை நம்பகமாக வேலை செய்கிறது. தாண்டினால் இங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

6. கோட்டின் அகலம்

தூசி இருக்கும் அதே வாயுவைக் காட்டும் மூலக்கூறைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் கார்பன் மோனாக்சைடு வேண்டாம். அது சீக்கிரமே ஒளிபுகாததாகிவிடுவதால் மேகத்தின் வெளித்தோலைத்தான் காட்டும், கோடும் அகன்று தெரியும். ஆக்சிஜன்-18 உள்ள கார்பன் மோனாக்சைடு நடுத்தர அடர்த்திக்கு ஏற்றது. குளிர்ந்த அடர்ந்த கருக்களில் கார்பன் மோனாக்சைடு தூசிமேல் உறைந்துவிடும், அங்கே டயசெனிலியம் (நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அயனி) அல்லது அம்மோனியா. டயசெனிலியத்தின் முதல் கோடு உண்மையில் 7 நுண்கோடுகள். எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்த வேண்டும். ஒட்டியிருக்கும் மூன்றை ஒரே கோடு என்று நினைத்து அளந்தால் அகலம் பல மடங்காகிவிடும்.

நம் மேகத்தில் ஆக்சிஜன்-18 கார்பன் மோனாக்சைடின் அரை உயர அகலம், அதாவது உச்சத்தின் பாதி உயரத்தில் கோட்டின் முழு அகலம், 0.6 கி.மீ./வி. இதை 2.355-ஆல் வகுத்தால் திட்ட விலக்கம் 0.255. எது அரை உயர அகலம், எது திட்ட விலக்கம் என்று குழம்பினால் விடை 2.355 மடங்கு மாறும். மாறியின் பெயரிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

வெப்ப அசைவையும் கழிக்க வேண்டும். அது புலத்தை வளைக்கும் கலக்கம் அல்ல. 10 கெல்வினில் நிறை 30 உள்ள இந்த மூலக்கூறின் வெப்ப விலக்கம் 0.05 கி.மீ./வி. தான். வர்க்கத்தில் கழித்தால் 0.249, கிட்டத்தட்ட மாறவேயில்லை. ஆனால் மூலக்கூறின் நிறைக்குப் பதில் வாயுவின் சராசரி நிறையான 2.33-ஐப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது 0.19-ஐக் கழிப்பீர்கள், விடை 0.17 ஆகி, புல வலிமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கோட்டை உமிழ்வது எந்த மூலக்கூறோ அதன் நிறைதான் இங்கே வேண்டும்.

7. அடர்த்தி

தூண் அடர்த்தியை மேகத்தின் ஆழத்தால் வகுத்தால் கன அடர்த்தி. ஆழத்தை யாரும் பார்த்ததில்லை. வானில் தெரியும் அகலத்துக்குச் சமம் என்று எடுத்துக்கொள்வோம். நம் மேகத்தில் சதுர செ.மீ.க்கு 10²² ஹைட்ரஜன் மூலக்கூறுகள், ஆழம் 10¹⁸ செ.மீ., அதாவது 0.32 பார்செக். ஆக, கன செ.மீ.க்கு 10⁴ மூலக்கூறுகள்.

ஹைட்ரஜன் அணுவின் எண்ணிக்கையா, மூலக்கூறின் எண்ணிக்கையா என்பதை ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே 2 மடங்கு வித்தியாசம். நிறையாக மாற்றும்போது ஹீலியத்தையும் சேர்த்து, ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு 2.8 ஹைட்ரஜன் அணு நிறை. ஆறுதலான விஷயம், அடர்த்தி வர்க்கமூலத்தில் வருகிறது. ஆழத்தில் 2 மடங்கு தவறினாலும் வலிமை 1.4 மடங்குதான் தவறும்.

8. இப்போது சூத்திரம்

டேவிஸ், சந்திரசேகர், ஃபெர்மி பெயரால் வழங்கும் முறையை, 0.5 என்ற திருத்தக் காரணியோடு, வசதியான அலகுகளில் இப்படி எழுதலாம்:

புல வலிமை = 9.3 × √(மூலக்கூறு அடர்த்தி) × அரை உயர அகலம் ÷ கோணச் சிதறல்

அடர்த்தி கன செ.மீ.யில், அகலம் கி.மீ./வி.யில், சிதறல் பாகையில், விடை மைக்ரோகாஸில் (காந்தப்புல அலகான காஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). வெப்பப் பங்கு நீக்கிய 0.249-ஐத் திரும்ப 2.355-ஆல் பெருக்கினால் அகலம் 0.587. வலிமை சுமார் 45 மைக்ரோகாஸ். மூல வடிவச் சூத்திரத்தை நேரடியாகப் போடுகிறவர்கள் கோணத்தை ரேடியனாக மாற்ற மறந்தால் விடை 57 மடங்கு குறைந்து 1 மைக்ரோகாஸுக்கும் கீழே போகும்.

5-ஆம் படியின் 21 பாகையை அப்படியே போட்டிருந்தால் 26 மைக்ரோகாஸ்தான் வந்திருக்கும்.

2021-இல் ஸ்காலிடிஸ், டாசிஸ் இருவரும் வாயுவின் அமுக்கத்தையும் கணக்கில் எடுத்து, சிதறலின் வர்க்கமூலத்தால் வகுக்கும் வேறொரு சூத்திரத்தைத் தந்தார்கள். அதே உள்ளீடுகளுக்கு அது சுமார் 30 மைக்ரோகாஸ் தருகிறது. எது சரி என்பதில் விவாதம் ஓயவில்லை. நான் இரண்டையும் கணக்கிட்டு இரண்டையும் எழுதுவேன்.

இன்னொரு சாய்வு: பார்வைக் கோட்டில் பல கலக்கச் சுழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் அவற்றின் ஆட்டங்கள் சராசரியாகிச் சிதறல் குறைந்து தெரியும். சுழல்களின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கு வலிமை மிகையாகும். ஆகவே இந்த முறை பெரும்பாலும் கூட்டித்தான் சொல்லும்.

9. ஈர்ப்பா, புலமா

வலிமை மட்டும் தெரிந்தால் மேகம் தன் ஈர்ப்பால் உள்நோக்கிச் சரியுமா என்று சொல்ல முடியாது. நிறைக்கும் காந்தப் பாயத்துக்கும் உள்ள விகிதத்தை மாறுநிலை மதிப்போடு ஒப்பிட வேண்டும். தூண் அடர்த்தியை மைக்ரோகாஸ் வலிமையால் வகுத்து 7.6 × 10⁻²¹-ஆல் பெருக்குங்கள். 1-க்கு மேலே என்றால் புலத்தால் மட்டும் ஈர்ப்பைத் தாங்க முடியாது. கீழே என்றால் முடியும்.

நம் மேகத்துக்கு 76-ஐ 45-ஆல் வகுத்தால் 1.7. நாம் அளந்தது வானத் தளத்தில் விழும் கூறு மட்டுமே. சீரற்ற சாய்வுகளுக்குச் சராசரியாக அது முழுப் புலத்தில் π/4 பங்கு. இந்த வடிவத் திருத்தத்தைச் செய்தால் முழு வலிமை 57, விகிதம் 1.3. சுத்தம் செய்யாத 21 பாகையோடு வந்திருந்தால் திருத்தத்துக்கு முன் விகிதம் 2.9. ஒரே மேகம்: ஒரு கணக்கில் ஈர்ப்பு சுலபமாக வெல்கிறது, மற்றொன்றில் மயிரிழையில்.

தூண் அடர்த்தியும் புல வலிமையும் ஒரே பரப்புக்கு உரியவையா என்று பாருங்கள். உச்சிப் பிக்ஸலின் தூண் அடர்த்தியை முழு மேகத்தின் வலிமையால் வகுப்பது அடிக்கடி நடக்கும் தவறு; விகிதம் எப்போதும் கூடுதலாகவே வரும்.

10. சீமன் அளவீடு இருந்தால்

புலத்தை நேரடியாக அளப்பது சீமன் விளைவு (காந்தப்புலம் நிறமாலைக் கோட்டைப் பிளப்பது) ஒன்றுதான். அதுவும் பார்வைக் கோட்டின் கூறை மட்டும். அது ஏன் இவ்வளவு அரிது என்று ஒரு கணக்கு காட்டும். ஹைட்ராக்ஸிலின் 1665 மெகாஹெர்ட்ஸ் கோடு ஒரு மைக்ரோகாஸுக்கு 3.27 ஹெர்ட்ஸ் பிளக்கும். 20 மைக்ரோகாஸுக்கு 65 ஹெர்ட்ஸ். 1 கி.மீ./வி. அகலமுள்ள கோட்டின் அகலமோ 5,500 ஹெர்ட்ஸுக்கு மேல்.

உங்கள் மேகத்துக்கு அப்படியோர் அளவீடு வெளியாகியிருந்தால் உங்கள் எண்ணோடு பக்கத்தில் வையுங்கள், ஆனால் சமமாக வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூறுகள் வேறு, கற்றை வேறு, பெரும்பாலும் அடர்த்தியும் வேறு. சீமன் மதிப்பு உங்களுடையதைவிடச் சற்றுக் குறைந்தால் கவலையில்லை. பல மடங்கு கூடினால் முதலில் 5-ஆம் படிக்குத் திரும்புங்கள்; வளைவு முழுதாக நீங்கியிருக்காது.

11. எண்ணை எழுதும் விதம்

"45 மைக்ரோகாஸ்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அடுத்தவரால் எதையும் சரிபார்க்க முடியாது. சிதறலின் மூன்று நிலைகள் (21, 14, 12), சாளர அளவு, எந்த மூலக்கூறின் எந்த அகலம், எடுத்துக்கொண்ட ஆழம், திருத்தக் காரணி 0.5, வடிவத் திருத்தம் செய்தீர்களா இல்லையா என்பதெல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கட்டும். நம் மேகத்துக்கு நான் எழுதுவது: வானத் தளக் கூறு 30 முதல் 45 மைக்ரோகாஸ், அடர்த்தியின் ஐயத்தால் மேலும் 1.4 மடங்கு இருபுறமும், நிறை-பாய விகிதம் வடிவத் திருத்தத்துக்கு முன் 1.7 முதல் 2.5 வரை. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போடும் ஆசை வந்தால், ஆழத்தை எப்படி முடிவு செய்தோம் என்பதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.